கை நனையாத கஞ்சி

டாக்டர் சௌரிராஜனின் வெள்ளைக் கோட்டில் முட்டைப்பால் வழிந்ததற்கு நான்தான் காரணம். துப்பியவர் ஆறாம் கட்டில் விருமாண்டி. துப்ப வைத்தது என் வாய்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. வைகைக்கு வடகரையில் ஒரு தர்மாஸ்பத்திரி. அதன் காய்ச்சல் வார்டில், எழுந்து உட்கார முடியாதவர்களுக்கு ஆகாரம் ஊட்டுவது என் உத்தியோகம். பெயர் காளை. பெயரை மட்டும் கேள்விப்பட்டு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பது வழக்கம். வார்டு எடை மெஷினில் நான் ஏறினால் முள் அசைவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கும்.

விருமாண்டி பரவைக்காரர், பயிர் வைக்கிற சம்சாரி. குடல் காய்ச்சல். உள்ளூர் வைத்தியர் பதினைந்து நாள் வெந்நீர் தவிர ஒன்றும் கொடுக்காமல் லங்கணம் போட்டுப் பார்த்துவிட்டு, ஆள் கண் சொருகியதும் ஆஸ்பத்திரிக்கு வழி காட்டியிருந்தார். இங்கே வந்த பத்து நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. போகிற போக்கில் அது சதையையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. ஏர் பிடித்த ஆள், வேட்டியோடு நிறுத்தினால் எழுபத்தாறு பவுண்டு. என்னைவிட இளைத்த மனிதர் ஒருவரை அந்த வார்டில்தான் முதன்முதலாகக் கண்டேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் டாக்டருக்கு லங்கணம் என்ற சொல்லே ஆகாது. "பட்டினி போட்டா காய்ச்சல் சாகும்கிறாங்க. அதுக்கு முன்னாடி ஆள் செத்துடறானே!" என்பார். அவர் எழுதும் சீட்டில் பாதி மருந்துக் கூடத்துக்குப் போகும், பாதி அடுப்பங்கரைக்குப் போகும். பார்லித் தண்ணீர், மோர், சர்க்கரை போட்ட முட்டைப்பால், துணியில் வடித்த அரிசிக் கஞ்சி. இரண்டு மணிக்கு ஒரு தரம். கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். வீட்டுச் சாப்பாடு மட்டும் கூடவே கூடாது. முந்தின வருஷம் ஓர் அம்மாள் புருஷன்மேல் இருந்த பிரியத்தில் மடியில் மறைத்து நாலு இட்லி கொண்டு வந்து கொடுத்துவிட்டாள். நைந்துபோயிருந்த குடல் கிழிந்து, பொழுது சாய்வதற்குள் அந்த ஆள் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து வாசல் காவல்காரர் பெண்பிள்ளைகளின் வெற்றிலைப் பையைக்கூட விடுவதில்லை.

அன்று காலை விருமாண்டி இரண்டு வாய் முட்டைப்பால் குடித்துவிட்டு, மூன்றாவது வாயை நாக்கில் நிறுத்தி, கண்ணை மூடித் திறந்து, விழுங்கினார். "நல்லாத்தேன் இருக்கு. யாரு பக்குவம்?" என்றார்.

காய்ச்சலில் நாக்குச் செத்துக் கிடந்த பத்து நாளில் அவர் கேட்ட முதல் கேள்வி. 'ஆஸ்பத்திரிப் பக்குவம்' என்று சொல்லிவிட்டு நான் அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கலாம். எனக்குத்தான் வாய்க்குப் பூட்டு வைக்காமல் படைத்துவிட்டானே!

"நம்ம ஒச்சம்மா அக்கா கைப்பக்குவம்ணே! உங்க ஊருதேன். புருஷன் போனப்பெறகு இங்கன சமையலுக்கு வந்துச்சு. சோலைன்னு ஒரு மகன், மில்லுல வேலை. நீங்க குடிச்ச கஞ்சி, மோரு அம்புட்டும் அந்த அக்கா கைதேன்" என்று, அடுத்த வாயை ஊட்டிக்கொண்டே விளம்பினேன்.

அந்த வாய்தான் டாக்டரின் கோட்டுக்குப் போனது. டாக்டர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தம் வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னார். எனக்குச் சௌராஷ்டிரம் தெரியாது. ஆனால் சில வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரிய பாஷை வேண்டியதில்லை.

விருமாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவ்வளவுதான். பார்லித் தண்ணீர் வேண்டாம், மோர் வேண்டாம், கஞ்சி வேண்டாம். குழாய்த் தண்ணீர் மட்டும் இறங்கியது.

"என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஏன், ஒனக்கு என்ன ஆகணும்?" என்றார் சுவரிடம்.

அவர் மனைவி ரெங்கம்மாள் கட்டிலடியில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் கேட்டேன். அந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை என்று ஏதோ சாமிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார்கள் போல.

"ஏம்மா, ஒச்சம்மா அக்காவுக்கும் இவருக்கும் என்ன?"

"ஒரு வயித்துல பொறந்தவங்களுக்குள்ள என்ன இருக்கும்?"

"கூடப் பொறந்த அக்காவா? அப்பச் சந்தோசமால்ல குடிக்கணும்!"

"சந்தோசம் யாருக்கு வந்துச்சுங்கிறதப் பொறுத்துல்ல இருக்கு."

இப்படி நூல் நூலாக உருவியதில் சாயங்காலத்துக்குள் எனக்கு முழுத் துணியும் கிடைத்தது. ஒச்சம்மாள் மகன் சோலைக்கு விருமாண்டியின் மகள் அன்னக்கொடி முறைப்பெண். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒச்சம்மாள் வெற்றிலை பாக்குத் தட்டோடு பெண் கேட்டுப் போயிருக்கிறாள். 'மில்லுல பஞ்சு பொறுக்குறவனுக்கு எம் மகளா?' என்று தம்பிக்காரர் தட்டைத் தொடவில்லை. வார்த்தை முற்றி, ஊர் கூடும் மந்தையில் நாலு பேர் முன்னால் விருமாண்டி சொன்னது இது: "ஒன் கையால ஒரு வாய்க் கஞ்சி குடிச்சேன்னா, அன்னைக்கே எம் மகளக் கூட்டிட்டுப் போயிரு!"

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில் சம்மதம் ஆகும்வரை யாரும் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஊரில் இப்படி ஒரு சத்தியம். இப்போது அக்கா கஞ்சியைக் குடித்தால் மகள் போய்விடுவாள். குடிக்காவிட்டால் இவரே போய்விடுவார்.

"அறியாம பத்து நாள் குடிச்சுட்டாரேம்மா, அது எதுல சேரும்?" என்றேன்.

"அறியாமக் குடிச்சது ஒண்ணுலயும் சேராது. அறிய வச்சது யாருன்னுதான் எனக்கு ரோசனை" என்று என்னைப் பார்த்தாள் ரெங்கம்மாள்.

"அன்னக்கொடி என்னம்மா சொல்லுது?"

"அவளக் கேட்டாலும் சரிங்கிறா. கேக்காட்டியும் சரிங்கிறா."

அடுப்பங்கரைக்குப் போனேன். ஒச்சம்மாள் இரும்புச் சட்டியில் அரிசியைப் பொன்னிறமாக வறுத்துக்கொண்டிருந்தாள். வறுத்து, சீரகம் தட்டிப் போட்டு, பிறகுதான் கஞ்சி காய்ச்சுவாள். வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் அப்படி வாசனை வராது.

"ஏக்கா, ஆறாம் கட்டில்ல இருக்கது ஒங்க தம்பின்னு தெரியுமா?"

"எனக்கு எதுக்குத் தெரியணும்? ஆறாம் கட்டிலுக்கு ரெண்டு மணிக்கு ஒருக்காக் கஞ்சின்னு சீட்டுல இருக்கு. ஊத்துறேன்."

"சீட்டுல சீரகம் இல்லையே?"

"ஒனக்கு வாயி மட்டுந்தேன் நீளம்னு நெனச்சேன். கண்ணும் நீளமா?" கரண்டியை ஓங்கினாள். "போடா அங்கிட்டு!"

தம்பியைச் சம்பந்தத்துக்குள் மடக்கத்தான் ஊட்டுகிறாளா, தம்பி என்று ஊட்டுகிறாளா? கேட்டேன். பதிலுக்கு என் முதுகில் கரண்டிக்காம்பு விழுந்தது. அது ஆமாமா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பழுதைச் செய்தவனே சரி செய்ய வேண்டும் என்று மறுநாள் ஒரு பொய்யோடு வார்டுக்குள் நுழைந்தேன்.

"அண்ணே, ஒங்க கஷ்டம் தீந்துச்சு. ஒச்சம்மா அக்காவத் துணி வெளுப்புக்கூடத்துக்கு மாத்தியாச்சு. இப்பச் சமையலுக்குத் திண்டுக்கல்லுலருந்து ஒரு ஐயரு வந்துருக்காரு. காது நெறையாக் கடுக்கன்!"

விருமாண்டி மெதுவாகத் திரும்பினார். பசித்த மனிதருக்கு நம்ப ஆசை இருக்கும். ஒரு கரண்டி கஞ்சியை உதட்டருகே கொண்டு போனேன். ஆவி மேலே எழுந்தது. அவர் மூக்கு விடைத்தது.

"ஏன்டா காளை, எங்க ஆத்தா எப்படா ஐயரு வீட்டுல போயிக் கஞ்சி காச்சக் கத்துக் குடுத்தா?"

மறுபடி சுவர். ஐயருடைய கடுக்கனை நான் அவ்வளவு சிரத்தையாகக் கற்பனை செய்ததெல்லாம் வீண். அரிசியை வறுத்துச் சீரகம் தட்டிப் போடுவது அவர்கள் தாயாரின் பக்குவம். அந்தப் பக்குவம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி காய்ச்சுகிறாள், இன்னொருத்தர் குடிக்க மாட்டேன் என்கிறார்.

மூன்றாம் நாள் எடை எழுபத்திரண்டு. நெஞ்செலும்புகளைத் தூரத்தில் இருந்தே எண்ணலாம். நாடி பார்த்துக்கொண்டிருந்த டாக்டரிடம் கேட்டேன்.

"ஐயா, பிழைச்சுருவாருல்ல?"

"ஆகாரம் உள்ள போகணும்."

"போகலைன்னா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. வாயில் ஊட்டிப் பிழைக்கிற நான், வாயாலேயே ஒரு மனிதரைக் கொன்றுகொண்டிருந்தேன்.

சாயங்காலம் டாக்டர் ஒரு மெல்லிய ரப்பர் குழாயும் கண்ணாடிப் புனலும் எடுத்து வந்தார். மூக்கு வழியாகக் குழாயை இரைப்பைக்கு இறக்கி, புனலில் ஆகாரத்தை ஊற்றினால் தானாக உள்ளே போய்விடும். நினைவு தப்பியவர்களுக்கு அப்படித்தான் செய்வோம். விருமாண்டிக்கு நினைவு நன்றாகவே இருந்தது. குழாயைக் கண்டதும் தலையை இருபுறமும் ஆட்டினார்.

"சம்மதம் இல்லாம இறக்க முடியாது, காளை. இருமினா நுரையீரலுக்குப் போயிடும். நீயே பேசு. பேசித்தானே கெடுத்தே?" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

நான் கட்டில் ஓரமாகக் குந்தினேன்.

"அண்ணே, மந்தையில என்ன சொன்னீக? கையால குடிச்சா, அப்படித்தானே?"

"அதுக்கென்ன இப்ப?"

"இந்தக் குழாய்ல போனா ஒங்க கை நனையுமா?"

அவர் இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வாயாவது நனையுமா? நாக்குல படுமா? பல்லுல படுமா?"

"மூக்கு நனையும்ல?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"மூக்கு எந்த மந்தையிலண்ணே சத்தியம் பண்ணுச்சு?"

விருமாண்டியின் ஒரு கண் திறந்தது. நாலு பஞ்சாயத்துக்குப் போய் வந்த ஆள். நல்ல வழக்கென்றால் சாகக் கிடந்தாலும் ருசி வந்துவிடும்.

"வயித்துக்குள்ள போயிருமேடா?"

"வயிறு வரைக்கும் போனது யாருக்குத் தெரியும்? ஊரு பாக்கிறது கையையும் வாயையுந்தானே. மூக்கு வழியாச் சாப்பிட்டுச் சம்பந்தம் பேசி முடிச்சதா இந்தச் சீமையில எங்கயாச்சும் உண்டா? ஏம்மா, நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?"

ரெங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்வதற்கில்லை. "மூக்கால பந்தி வச்ச ஊரு எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றாள். அவளிடமிருந்து வந்ததில் நேரான பதிலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது அதுதான்.

விருமாண்டி மூக்கை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

டாக்டர் வந்து குழாயை இறக்கினார். புனலில் முட்டைப்பால் ஒரு சுழி சுழித்து மறைந்தது. டாக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சட்டம் படித்திருக்கலாமே என்று தோன்றியது. பிறகு, சட்டம் படிக்க மூன்றாம் வகுப்பையாவது தாண்டியிருக்க வேண்டும் என்பதும் ஞாபகம் வந்தது.

சேதி அடுப்பங்கரைக்குப் போனதும் ஒச்சம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "மூக்கால குடிக்கிறானா? பேச்சையும் அவன் மூக்கு வழியாத்தானே பேசுவான்! நல்லாக் குடிக்கட்டும்!" என்று சொல்லிவிட்டு அரிசியை வறுக்கப் போனாள்.

குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதால் கஞ்சியை மூன்று மடிப்புத் துணியில் வடிக்க வேண்டும். பொடித்த சீரகம் அத்தனையும் துணியிலேயே தங்கிவிடும்.

"ஏக்கா, நாக்கே தொடாமப் போற கஞ்சிக்கு எதுக்கு இந்தப் பக்குவம்? சும்மா வெறும் அரிசியக் கரைச்சு ஊத்துனா ஆகாதா? அவருக்கு எங்க ருசி தெரியப்போகுது?"

அவள் கரண்டியை ஓங்கவில்லை. துணியைப் பிழிந்துகொண்டே, "ஏப்பம் வரும்ல?" என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. வார்டில் புனலை உயர்த்திப் பிடித்து ஊற்றி முடித்து, கால் மணி ஆன பிறகுதான் விளங்கியது. விருமாண்டிக்கு ஓர் ஏப்பம் வந்தது. உடனே அவர் தாடை அசைந்தது. உதட்டை நக்கினார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"என்னண்ணே?"

"காத்து" என்றார்.

அடுத்த வேளைக்குப் பிறகும் காற்றுதான். அதற்கடுத்த வேளைக்குப் பிறகும். ஏப்பம் வருகிற நேரம் பார்த்து அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தார். பச்சைப்பிள்ளையைத் தட்டுவதுபோல் தம் நெஞ்சைத் தாமே மெல்லத் தட்டிக்கொடுப்பதையும் ஒரு முறை பார்த்தேன். ஏப்பம் தாமதமானால் ரெங்கம்மாளிடம் எரிந்து விழுவார். அவருக்கும் அவர் தாயாரின் கஞ்சிக்கும் நடுவே ஒரு முழ ரப்பர் குழாய்தான் இருந்தது. அதையும் ஏப்பம் திருட்டுத்தனமாகத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

நான் ஒவ்வொரு வேளைக்கும் அடுப்பங்கரைக்குப் போய், "ரெண்டு ஏப்பம்", "மூணு ஏப்பம்" என்று சொல்லிவிட்டு வருவேன். "யாரு கேட்டா?" என்பாள் ஒச்சம்மாள். ஆனால் ஒரு நாள் நான் சொல்லாமல் திரும்பப் பார்த்தபோது, "ஏன்டா, இன்னைக்கு எம்புட்டு?" என்று பாத்திரத்தைத் தேய்த்தபடியே கேட்டாள்.

எட்டு நாளில் எடை எழுபத்தொன்பது. கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ஒன்பதாம் நாள் காலை குழாயைச் சுற்றி இரத்தம் கசிந்தது. மூக்கின் உட்புறம் புண்ணாகிவிட்டது. டாக்டர் குழாயை உருவி எடுத்துவிட்டார்.

"இனி இறக்க முடியாது. வாய் வழியாத்தான்" என்றார்.

"வாயத் தொறக்கலைன்னாய்யா?"

டாக்டர் குழாயைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். சுருட்டி முடித்தும் மறுபடி அவிழ்த்துச் சுருட்டினார். ஏழு பவுண்டை ஏற்ற எட்டு நாள் ஆயிற்று. இறக்க அத்தனை நாள் வேண்டாம். அது எனக்கும் தெரியும்.

எட்டு மணி வேளை போயிற்று. விருமாண்டி உதட்டை இறுக்கிக்கொண்டார். பத்து மணி வேளையும் போயிற்று. ஆறின கஞ்சியை இரண்டு தரம் அடுப்பங்கரைக்குத் திருப்பிக் கொண்டு போனேன். இரண்டு தரமும் ஒச்சம்மாள் என்னிடம் ஒன்றும் கேட்காமல் புதிதாக அரிசி எடுத்து வறுத்தாள். பன்னிரண்டு மணிக் கஞ்சியை நான் எடுத்து நடந்தபோது பின்னால் காலடி கேட்டது. சமையல்காரர்கள் காய்ச்சல் வார்டுக்குள் வரக்கூடாது. அவள் கதவுக்கு வெளியே, உள்ளிருந்து பார்த்தால் தெரியாத இடமாகப் பார்த்து, சுவரோடு சுவராக நின்றுகொண்டாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கக்கூட மறந்திருந்தாள்.

நான் கட்டிலருகே போய்க் கிண்ணத்தை முக்காலியில் வைத்தேன். வழியெல்லாம் இரண்டு மூன்று வேடிக்கை யோசித்து வைத்திருந்தேன். வாய் நனைவதற்கும் நாக்கு நனைவதற்கும் நடுவே ஒரு சட்டம்கூடக் கண்டுபிடித்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. என் வாய் என்னைக் கைவிட்டது அதுவே முதல் தடவை.

"அண்ணே, நான் ஒளறாம இருந்திருந்தா நீங்க இந்நேரம் வீடு போய்ச் சேந்திருப்பீங்க. என் தப்புதேன். ஐயரு பொய்யி. மூக்குச் சட்டமும் நான் சோடிச்சதுதேன். இனி எங்கிட்டச் சரக்கு இல்ல" என்றேன். "ஒங்களுக்கு என்ன வேணும்னு ஒரே ஒரு தடவ நேராச் சொல்லிருங்க. சொவத்துகிட்ட இல்ல, எங்கிட்ட."

ரெங்கம்மாள் விசிறுவதை நிறுத்தினாள். கிண்ணத்திலிருந்து ஆவி எழுந்து கட்டில்மேல் படர்ந்தது. விருமாண்டி கதவுப் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் தெரியவில்லை. ஒரு கரண்டியின் முனை மட்டும் நிலையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"பசிக்குதுடா, காளை" என்றார். "வெளியில எங்கக்கா நிக்கிது. வந்து ஊட்டச் சொல்லு."